வேலி ஓரத்தில் ஐந்து விநாடி: பேஸ்பால் வீரர்களிடம் நேரில் ஆட்டோகிராஃப் வாங்குவது எப்படி

ஃபீனிக்ஸ் பக்கம் குடிவந்த முதல் வருடம் எனக்கு பேஸ்பால் சுத்தமாகப் புரியாது. ஆபீசில் கூட வேலை செய்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஒரு பயிற்சி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஆட்டம் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு வீரர் வேலி ஓரமாக வந்து கையெழுத்துப் போடத் தொடங்கினார். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பந்து அவள் கையில் இருந்தது. பேனா என் பையில், பை சீட்டுக்கு அடியில். நான் குனிந்து, ஜிப்பைத் திறந்து, பேனாவைத் தேடி எடுத்து நிமிர்வதற்குள் அவர் நான்கு பேர் தள்ளிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

ஒரு வீரர் உங்கள் முன்னால் நிற்பது கிட்டத்தட்ட ஐந்து விநாடி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஐந்து விநாடிக்கான ஏற்பாடுதான்.

முதலில், எங்கே போவது

வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி.யின் (மேஜர் லீக் பேஸ்பால்) 30 அணிகளும் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை வெயில் ஊர்களில் பயிற்சி முகாம் போடுகின்றன. ‘ஸ்பிரிங் டிரெய்னிங்’ என்பார்கள். 15 அணிகள் ஃப்ளோரிடாவில், 15 அணிகள் அரிசோனாவில். ஃப்ளோரிடா பக்கத்து ஆட்டங்களுக்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்றும் அரிசோனா பக்கத்துக்கு கேக்டஸ் லீக் என்றும் பெயர். கையெழுத்து வாங்குவதற்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. வெற்றி தோல்வி கணக்கில் சேராத ஆட்டங்கள், சின்ன மைதானம், வீரர்களும் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள்.

ஃப்ளோரிடா முகாம்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அங்கே போகிறவர்கள் ஒரே ஊரில் இரண்டு அணி இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது. ஃபோர்ட் மயர்ஸில் ரெட் சாக்ஸும் ட்வின்ஸும் இருக்கின்றன. ஜூபிடரில் கார்டினல்ஸும் மார்லின்ஸும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அரிசோனாவில் இந்தத் தொல்லை இல்லை. 10 மைதானங்களும் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. மதியம் மேசாவில் கப்ஸ் ஆட்டம் பார்த்துவிட்டு, இரவு ஆட்டத்துக்கு பியோரியா போய்விடலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஆட்டங்கள் பிப்ரவரி 20 வாக்கில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாள் வெறும் பயிற்சி மட்டும் நடக்கும். முதலில் பிட்ச்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்ச்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) வருவார்கள், சில நாள் கழித்து மற்றவர்கள். பெரும்பாலான முகாம்களில் இந்தக் காலைப் பயிற்சியை இலவசமாகவே போய்ப் பார்க்கலாம். பிரதான மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சித் திடல்களில் நடக்கும். ஒரு திடலிலிருந்து இன்னொன்றுக்கு வீரர்கள் நடந்துபோகும் பாதை உங்கள் வேலியை ஒட்டியே இருக்கும். டாட்ஜர்ஸும் வொயிட் சாக்ஸும் பகிர்ந்துகொள்ளும் கிளெண்டேல் ‘கேமல்பேக் ராஞ்ச்’ இதற்குப் பேர்போனது. ஆனால் ஜப்பானிய நட்சத்திரம் ஒஹ்தானி வந்த பிறகு டாட்ஜர்ஸ் பக்கம் நிற்கவே இடம் இருப்பதில்லை. அதே வளாகத்தில் வொயிட் சாக்ஸ் பக்கம் காற்று வாங்கும்; நான் அந்தப் பக்கம்தான் போவேன். நேரமும் எந்த வாசல் என்பதும் வருடத்துக்கு வருடம் மாறும், அணியின் இணையதளத்தில் முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரிலும் ஒரு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு அணியும் தன் வளரும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் ‘அரிசோனா ஃபால் லீக்’ இதே மைதானங்களில் நவம்பர் நடுப்பகுதி வரை நடக்கும். கூட்டமே இருக்காது. பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான மைக் டிரவுட் 2011லும், ஆரன் ஜட்ஜ் 2014லும் இங்கே ஆடியவர்கள்தான். 1994இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டனும் ஆடினார்! இங்கே வாங்கும் பத்துக் கையெழுத்தில் எட்டு, பின்னாளில் யாருக்கும் தெரியாத பெயராகப் போய்விடும். மீதி இரண்டுக்காகத்தான் போகிறோம்.

பந்து, பேனா, அட்டை

கையெழுத்துக்கு என்று பந்து வாங்கினால் ராலிங்ஸ் கம்பெனியின் அதிகாரபூர்வ மேஜர் லீக் பந்தை வாங்குங்கள். விலை கிட்டத்தட்ட 25 முதல் 30 டாலர். லீக்கின் தலைவரான கமிஷனர் ராப் மேன்ஃபிரெட்டின் கையெழுத்து அதில் அச்சாகியிருக்கும். பத்து டாலர் நினைவுப் பரிசுப் பந்துகள் செயற்கைத் தோல், மை சரியாகப் பிடிக்காது.

பந்தில் 108 இரட்டைத் தையல்கள். அந்தத் தையல் வரிகள் இரண்டும் மிக நெருங்கி வரும் குறுகலான இடத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். ஒரே ஒருவர் கையெழுத்துப் போடும் பந்தில் அங்கேதான் போட வேண்டும். அணி முழுக்க ஒரே பந்தில் வாங்குவதாக இருந்தால் அந்த இடத்தை மேனேஜருக்கு (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) விட்டுவைப்பது வழக்கம். அது தெரியாமல் புதிதாக வந்த ஒரு பையனிடம் ஸ்வீட் ஸ்பாட்டை நீட்டினேன். பந்தைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நாலு பேர் போட்டிருக்கிறார்களே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரியாத மரியாதை அவருக்குத் தெரிந்திருந்தது.

பேனா விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பந்துக்கு நீல பால்பாயிண்ட், வேறு எதுவும் வேண்டாம். ஷார்ப்பி மார்க்கர் பந்தில் போட்ட அன்று பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தோல் மையைக் குடித்து, எழுத்தின் ஓரமெல்லாம் பரவி, ஊதா நிறத்தில் கசிந்து நிற்கும். என் அலமாரியில் அப்படி இரண்டு பந்து இருக்கிறது. ஜெல் பேனா தேய்த்தால் அழியும். வீரர் படம் அச்சிட்ட கார்டு, போட்டோ, தொப்பி, மட்டை ஆகியவற்றுக்கு ஷார்ப்பி சரி. கறுப்பு மட்டை என்றால் வெள்ளி நிற பெயின்ட் பேனா. அதை முன்கூட்டியே குலுக்கி, ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். வீரர் கையில் கொடுத்த பிறகு குலுக்கச் சொன்னால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

மூடி கழற்றும் பேனாவைவிட அழுத்தினால் திறக்கும் பேனா மேல். மூடி கீழே விழும், அதைத் தேடுவீர்கள், ஐந்து விநாடி முடிந்துவிடும்.

டாப்ஸ் கம்பெனி கார்டுகளின் பளபளப்பான மேற்பரப்பில் மை சில சமயம் ஒட்டாமல் துளித்துளியாகத் திரளும். வீட்டிலேயே ஒரு வெள்ளை ரப்பரால், கையெழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டால் அந்தப் பளபளப்பு குறைந்து மை பிடிக்கும். சிலர் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை ஒரு சிட்டிகை தடவித் துடைப்பார்கள். ஒரு பழைய கார்டில் பழகிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வீரர் நின்றுகொண்டே எழுத வேண்டும் என்பதால் கார்டை ஒரு கெட்டியான பரீட்சை அட்டையில் செருகி நீட்டுங்கள்.

அப்புறம் சன்ஸ்கிரீன். மார்ச் மாத அரிசோனா வெயிலில் அது இல்லாமல் நிற்க முடியாது. தடவிய கையோடு பந்தைத் தொட்டால் போச்சு. எங்கள் வீட்டில் உள்ள நல்ல பந்து ஒன்றில், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே என் கட்டைவிரல் ரேகை மஞ்சளாகத் தெரியும். வருடம் ஆக ஆக அது தெளிவாகிக்கொண்டே வருகிறது. இப்போதெல்லாம் பந்தை ஒரு சுத்தமான பழைய காலுறைக்குள் போட்டுத்தான் கொண்டுபோகிறோம். வெளியே எடுப்பது வீரர் பக்கத்தில் வரும்போது மட்டும்.

ஆளைத் தெரிந்துகொண்டு போங்கள்

முகாமில் 60, 70 பேர் இருப்பார்கள். பயிற்சி உடையில் முதுகில் பெயர் இல்லாமலும் போகலாம், எண் மட்டும். எண்களோடு கூடிய வீரர் பட்டியலை அணியின் இணையதளத்திலிருந்து அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 70, 80, 90 என்று பெரிய எண் போட்டவர்கள் பெரும்பாலும் இன்னும் மேலே வராத இளைஞர்கள். அவர்களிடம் பெயர் சொல்லிக் கேட்டால் முகமே மலரும், அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே.

தவறான பெயரைச் சொல்லிக் கத்துவதைவிட ஒன்றும் சொல்லாமல் நிற்பது மேல். பெரியவர்கள் ‘மிஸ்டர்’ போட்டு குடும்பப் பெயரைச் சொன்னால் பழுதில்லை, பிள்ளைகள் முதல் பெயரைச் சொல்லலாம். எப்படியானாலும் ‘ப்ளீஸ்’ சேர்க்க வேண்டும். எம்.எல்.பி. வீரர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா ஆட்களிடம் ‘போர் ஃபவோர்’ என்றும், ஜப்பானியரிடம் ‘ஒனெகாய்ஷிமஸ்’ என்றும் சொன்னால் தலை திரும்பும். ரேஞ்சர்ஸ் அணியின் பிட்ச்சர் குமார் ராக்கருக்கு அம்மா வழியில் இந்திய வம்சாவளி. அவர்கள் முகாம் சர்ப்ரைஸ் என்ற ஊரில். குமார் என்ற பெயரையாவது நாம் அங்கிருக்கும் எவரையும்விடச் சரியாகக் கூப்பிடுவோம்.

எங்கே நிற்பது

முகாம் ஆட்டங்களில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய நட்சத்திரங்கள் வெளி மைதானத்துக்குப் பஸ்ஸில் போவது குறைவு, சொந்த மைதானத்தில்தான் அதிகம் ஆடுவார்கள். ஆகவே யார் வேண்டுமோ அவருடைய அணியின் சொந்த மைதானத்துக்கே போங்கள். எதிரணியாக வருகிறார்கள் என்று நம்பி டிக்கெட் வாங்கி, வந்தவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த நாள் எங்களுக்கு உண்டு.

வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். டக்அவுட்டுக்கு (ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் இடம்) நேர் மேலே இடம் பிடிக்க எல்லாரும் முண்டியடிப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி, வெளி எல்லைப் பக்கமாக, ஆடுகளத்தின் ஓரக் கோட்டுக்குப் பக்கத்து வேலியில் நில்லுங்கள். ஆட்டத்துக்கு 40 நிமிடம் இருக்கும்போது வீரர்கள் அந்தக் கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடேற்ற வருவார்கள். ஓட்டத்தை முடித்துத் திரும்பும்போது, ஆட்டத்துக்கு 15, 20 நிமிடம் முன்பு, சிலர் வேலிப் பக்கம் வருவார்கள். அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிடக் கூடாது, முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, என் கைவசம் உள்ளதிலேயே சிறந்தது இதுதான். பயிற்சி ஆட்டங்களில் முன்னணி வீரர்கள் ஒன்பது இன்னிங்ஸில் நாலைந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பல அரிசோனா மைதானங்களில் உடை மாற்றும் அறை டக்அவுட்டுக்குப் பின்னால் கிடையாது, வெளி எல்லையின் மூலையில் இருக்கும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, வேலை முடிந்தவர் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டோரமாக அந்த மூலைக்கு நடப்பார். எல்லார் கண்ணும் ஆட்டத்தில் இருக்கும். நாங்கள் மலிவான புல்வெளி டிக்கெட் வாங்கி, ஐந்தாவது இன்னிங்ஸில் அந்த மூலைக்குப் போய்விடுவோம். ஒரு முறை அங்கே எங்களைத் தவிர ஆறே பேர். வந்தவர் ஏழு பேருக்கும் போட்டுவிட்டு, மகளிடம் ஸ்கோர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னது தப்பு. அவரும் திருத்தவில்லை.

முகாம் முடிந்து தொடங்கும் உண்மையான சீசனில் கதை கொஞ்சம் கடினம். சொந்த அணி முதலில் பேட்டிங் பயிற்சி செய்யும், அப்புறம் எதிரணி. ரசிகர்களுக்கு வாசல் திறப்பதற்குள் சொந்த அணியின் பயிற்சி முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். அதனால் எதிரணியின் பக்கம் நிற்பதுதான் லாபம். உதாரணமாக ஃபீனிக்ஸ் சேஸ் ஃபீல்டில் டைமண்ட்பேக்ஸின் டக்அவுட் மூன்றாம் பேஸ் பக்கம், எதிரணி முதல் பேஸ் பக்கம். எந்தப் பக்கம் யார் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பந்து வீசப்போகும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் யாரையும் பார்க்கமாட்டார், பார்க்கவும் கூடாது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை வீசும் ஆள், நேற்று வீசியிருந்தால் இன்று சும்மாதான் இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

ஹோட்டல் வாசல், விமான நிலையம், கார் நிறுத்தும் இடத்து கேட் ஆகிய இடங்களிலும் சிலர் நிற்பார்கள். பிழைப்புக்காக வாங்கி விற்பவர்கள் அங்கேதான் அதிகம். ஒரே வீரரின் பத்துக் கார்டுகளை அட்டையில் அடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே தெரியும். வீரர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. நான் அந்த இடங்களுக்குப் போவதில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் ஓடுவதும், காரை வழிமறிப்பதும் பார்க்கவே சகிக்காது.

அந்த ஐந்து விநாடி

பந்து இடது கையில், ஸ்வீட் ஸ்பாட் வீரரைப் பார்த்து. பேனா வலது கையில், முனை வெளியே வந்த நிலையில், பின்பக்கம் அவரை நோக்கி. இரண்டையும் ஒன்றாக நீட்ட வேண்டும். பெயர், ப்ளீஸ், அவ்வளவுதான். புள்ளிவிவரம், போன வருட ஆட்டம், உங்கள் ஊர்க்கதை எதையும் ஆரம்பிக்காதீர்கள். அவரே பேச்சுக் கொடுத்தால் சரி.

ஒருவரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். போட்டதும் நன்றி சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் வாருங்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

குழந்தை இருந்தால் குழந்தையையே கேட்கவிடுங்கள். அப்பா பின்னால் இருந்து தோளுக்கு மேலே இரண்டாவது பந்தை நீட்டுவதை வீரர்கள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார்கள்.

பெயர் எழுதி வாங்குவது நல்லதா என்று கேட்பார்கள். ‘இன்னாருக்கு’ என்று எழுதிய பந்துக்குச் சந்தையில் விலை குறையும். அதனாலேயே, பெயர் எழுதித் தரச் சொன்னால் விற்பதற்கு வாங்கவில்லை என்று புரிந்துகொண்டு இன்னும் சந்தோஷமாகப் போடுவார்கள். எங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். மகளின் பெயரில் ழகரம் இருக்கிறது. ஒரு வீரர் பேனாவைப் பந்தில் வைத்தபடி மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, கடைசியில் சிரித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தார். இப்போது அவள் கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஒரு சின்ன அட்டை, அதில் பெரிய ஆங்கில எழுத்தில் பெயர்.

போடும் கையெழுத்தைப் படிக்க முடிகிறதா என்பது வேறு கதை. ட்வின்ஸ் அணியின் ஜாம்பவான், மொத்தம் 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூ, இளம் வீரர் டோரி ஹன்டரின் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, படிக்கிற மாதிரி எழுது என்று கண்டித்தார். ஹன்டர் அன்றிலிருந்து மாற்றிக்கொண்டார். கில்லப்ரூவின் கையெழுத்தும் பள்ளிக்கூட வாத்தியார் கரும்பலகையில் எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருக்கும். இன்றைய வீரர்களில் பாதிப் பேருக்கு ஒரு எழுத்தும் ஒரு நெளிவும்தான்.

காசு கொடுத்து வாங்குவது

இதுவும் நேரில் வாங்குவதுதான், ரகம் வேறு. ஓய்வுபெற்ற ஜாம்பவான்களிடம் வாங்க வேறு வழி குறைவு. ஜூலை கடைசியில் நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் விழா நடக்கும் வாரக் கடைசியில், மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் அவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 2024இல் இறந்துபோன முன்னாள் நட்சத்திரம் பீட் ரோஸ், உயிரோடு இருந்தவரை சூதாட்டத் தடையால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைய முடியாமல் போனவர், அதே தெருவில் பல வருடம் உட்கார்ந்து கையெழுத்து விற்றார். ‘பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு மன்னிக்கவும்’ என்று எழுதியே பந்துகளை விற்றவர் அவர். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பந்துக்கு ஒரு விலை, மட்டைக்கு ஒரு விலை, கூட ஒரு வரி எழுத இன்னொரு விலை.

வீட்டுக்கு வந்த பிறகு

பந்தை உடனே பெட்டியில் அடைக்க வேண்டாம், மை காயட்டும். அப்புறம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளுக்கும். அரிசோனாவில் காருக்குள் ஒரு மதியம் விட்டாலும் கெடுதல்.

உண்மையான கையெழுத்துதானா என்று சான்று தரும் கம்பெனிகள் உண்டு: பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட். கட்டணம் கட்டி அனுப்பினால் பரிசோதித்து ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். எம்.எல்.பி. 2001 முதல் தரும் ஹாலோகிராம் வேறு மாதிரி: அவர்களுடைய ஆள் கண்ணால் பார்த்த கையெழுத்துக்கு மட்டும்தான் அது. நீங்கள் வேலி ஓரத்தில் வாங்கியதற்குக் கிடைக்காது. விற்கும் எண்ணம் இல்லையென்றால் இது எதுவும் தேவையில்லை.

ஆனால் விலைக்கு வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். 1990களில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று பெயர் வைத்து ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் இருந்தது! இன்னும் பழைய பந்துகளில் வேறு வகைப் போலி உண்டு. நட்சத்திர வீரருக்குப் பதிலாக அணியின் உடை அறை உதவியாளரே அவர் கையெழுத்தைப் போட்டுவிடுவார். தாத்தா காலத்து அணிப் பந்து என்று யாராவது பெருமையாகக் காட்டினால், அதில் அந்தப் பெரிய பெயரை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, மைதானம், வீரரின் பெயர், எண், முடிந்தால் அவர் போடும்போது எடுத்த ஒரு போட்டோ. அன்றைக்கே, காரில் ஏறியதும் எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துவிடும். எங்கள் அலமாரியில் மூன்றாவது தட்டில் ஒரு பந்து இருக்கிறது. எண் எண்பதுகளில் ஒன்று, உயரமான பையன், மகளிடம் அவள் காலணியைப் பற்றி ஏதோ சொன்னான். பந்தில் இருப்பது ஒரு ‘ஜே’, அப்புறம் ஒரு நீளக் கோடு. ஒவ்வொரு மார்ச் மாதமும் பட்டியலை வைத்துக்கொண்டு அது யார் என்று தேடுகிறோம்.